முடிச்சு போட்ட நாடாவும் அக்காவின் லென்ஸும்

எங்கள் அக்கா கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில் மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்தவன் நான். எங்களுக்கு இடையில் வேறு யாரும் இல்லை. ஏரி நிறைந்த வருடம் அப்பாவுக்கு விவசாயம், நிறையாத வருடம் கூலி வேலை. அதனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா திருக்கோகர்ணத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களைக் கழுவிக் காயவைப்பதும், நெகட்டிவில் பென்சிலால் மாசு மருவைச் சரிசெய்வதும் அவர் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். படித்துவிட்டு லாரி ஓட்டப் போனதை அவர் கடைசிவரை சொல்லிக் காட்டினார்.

கல்யாணமாகி திருவரங்குளம் பக்கம் போனபோது, ஸ்டுடியோக்காரர் ஒரு பழைய லென்ஸைக் கையில் கொடுத்தாராம். "கேமரா போயிருச்சும்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு, வச்சுக்க" என்றாராம். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அக்கா அதை ஓர் எவர்சில்வர் டப்பாவில், வறுத்த அரிசி முடிச்சோடு மூடி வைத்தார். மாதம் தவறாமல் அரிசியை மாற்றுவார். "என்ன, இன்னும் வேகலையா?" என்று மச்சான் கேலி செய்வார். பிறகு பள்ளிச் சத்துணவு அமைப்பாளராகி ஊருக்கே சோறு வடித்த அக்கா, இந்த அரிசியை மட்டும் கடைசிவரை வேகவைக்கவில்லை.

எங்கள் தாயாரை நாங்கள் ஆத்தா என்றுதான் அழைப்போம். ஆத்தா காலமானபோது வீட்டில் இருந்தது ஒரே ஒரு கல்யாண குரூப் போட்டோ. அதிலிருந்து முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கச் சொல்லி, டவுனில் ஓர் இடத்தில் நான்தான் கொடுத்தேன். நீல வானமும் சிவந்த முகமுமாகப் படம் வந்தது. மாலை போடப் போன அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது யாருடா?"

"என்னக்கா இப்படிக் கேக்குற, ஆத்தாதான்."

"மூக்குத்தி எங்கடா?"

கறை என்று நினைத்து அதை அழித்திருந்தார்கள். ஓடிப் போய்க் கேட்டால், பழைய குரூப் போட்டோவும் எங்கோ தவறிவிட்டது என்றார்கள். இனி ஆத்தாவின் முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை. "நானும் எத்தனையோ மூஞ்சியத் தொடைச்சவதான். ஒருத்தரு மூக்குத்தியக் கழட்டுனதில்லை" என்று சொல்லி அக்கா அழுதார். அழுது முடித்துவிட்டு, "நம்மளச் சுத்தி இருக்குற ஒருத்தருக்கும் இனி இப்படி ஆகவிட மாட்டேன்" என்றார். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் ஒரு டிஜிட்டல் கேமரா அனுப்பினான். அதை எடுத்துக்கொண்டு, படம் இல்லாத வயதானவர்களைத் தேடி வீடு வீடாகப் போனார். கூடவே வந்த லென்ஸுக்கு எங்கள் ஓட்டு வீடுகளின் வெளிச்சம் போதவில்லை, பிளாஷ் அடித்தால் வயதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அக்கா டப்பாவைத் திறந்தார். பழைய லென்ஸைப் புது கேமராவோடு இணைக்க ஒரு வளையம் வரவழைத்து மாட்டினால், 'லென்ஸ் இல்லை' என்று காட்டிவிட்டு கேமரா படம் எடுக்க மறுத்தது. நான் விட்டுவிடச் சொன்னேன். "இருக்குறது அதுக்குத் தெரியலைன்னா நாமதான் சொல்லணும்" என்று மகனோடு போனில் மூன்று நாள் மல்லுக்கட்டி, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடுக்கும் செட்டிங்கைக் கண்டுபிடித்தார்.

அடுத்த சிக்கல் ஃபோகஸ். அந்த லென்ஸில் எல்லாமே கையால் திருப்ப வேண்டும். அதன் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தால் வாசல் வெளிச்சமே போதும், ஆனால் நாலு விரல்கடை தள்ளினாலும் முகம் மங்கிவிடும். அக்காவுக்கோ வெள்ளெழுத்து. முதல் படத்தில் ஒரு பாட்டியின் தோடு பளிச்சென்று விழுந்தது, கண் கலங்கலாக இருந்தது. படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, உச்சி வெயிலில் மறுபடி அந்தப் பாட்டி ஊருக்கு பஸ் ஏறினார்.

பிறகு தானே ஒரு வழி கண்டார். ஒரு பாவாடை நாடாவில் இரண்டு முழத்தில் முடிச்சு. லென்ஸை அந்தத் தூரத்துக்குத் திருப்பி அசையாமல் வைத்துக்கொள்வார். உட்காருபவர் நாடாவின் முனையைக் கண்ணோரம் பிடிக்க வேண்டும். அக்கா முடிச்சைக் கட்டைவிரலால் லென்ஸுக்குக் கீழே அழுத்தி, நாடா விறைத்ததும் "விட்டுருங்க" என்பார். நாடா விழும், படம் விழும், கண் தப்பாது.

ஒரு பெரியவர் மட்டும் முரண்டு பிடித்தார். "ஏந்தாயி, இப்பவே எனக்கு மாலை போடப் பாக்குறியா?"

"மாலைய உங்க புள்ளைக எப்ப வேணா போடட்டும் மாமா. மூஞ்சி நம்மளோடதா இருக்க வேணாமா? இங்கிட்டு வெளிச்சத்துக்கு வாங்க."

அவர் நாடாவைப் பிடித்தார். நாடாக்காரம்மா என்றே பிறகு பலர் அக்காவை அழைத்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை புதுக்கோட்டைக்குப் போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்த காலத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் ஒன்று இல்லை. உடம்பு தேறட்டும், பிறகு எடுக்கலாம் என்றோம். "தேறுறதுக்கு வழியில்லைன்னு எனக்குத் தெரியும். ஆத்தாவுக்கு ஆனது எனக்கும் ஆகணுமா? நாளைக்குக் காலையில நீ எடுக்குற" என்றார்.

மறுநாள் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, இளைத்த முகத்தோடு நாடாவைக் கண்ணோரம் பிடித்தார். மலைப்பாதையில் லாரி ஓட்டிய நான், முடிச்சை லென்ஸுக்குக் கீழே இரண்டு தரம் தவறவிட்டுப் பிடித்தேன். "லாரியத்தான் ஒழுங்கா ஓட்டல, இதையாவது ஒழுங்கா செய்யி" என்று சிரித்தார். நாடாவை விடச் சொல்லும் முன்பே என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. மறுபடி எடுத்தவை எல்லாம், அவர் களைத்துப் பின்னால் சாய்ந்துவிட்டதால், மங்கிப்போயின. முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு இருக்கு, மூக்குத்தி இருக்கு. போதும்டா" என்றார். அடுத்த மாதம் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைத் தூக்கி ஏற்றி இறக்கிய ஆட்டோத் தம்பிக்கும், ஊசி குத்தும் வலி தெரியாமல் பேச்சுக் கொடுத்த செவிலியர் பெண்களுக்கும், கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பாத்திரத்தையும் கழுவிவைத்த பக்கத்து வீட்டாருக்கும், அக்கா எடுத்துக் கொடுத்த தங்கள் வீட்டுப் படங்களை நெஞ்சோடு அணைத்தபடி துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும், மச்சானும் பிள்ளைகளும் நானும் கைகூப்பி நிற்கிறோம்.

அக்காவுக்கான இந்த நினைவு மலரை அச்சிட்ட இடத்தில், "முகத்துக்கிட்ட ஒரு கோடு வருதுங்க, ரெண்டு நிமிசத்துல எடுத்துர்றேன்" என்றார்கள். தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அச்சாகி முடியும்வரை அங்கேயே நின்றேன்.

அட்டையில் அக்காவின் கண்ணோரத்திலிருந்து கீழே இறங்கும் அந்த வெள்ளைக் கோடு, அச்சுப்பிழை அல்ல. பாவாடை நாடா. அதன் இந்த முனையைப் பிடித்திருந்தவன் நான்.