அத்தைக்காக ஒரு நன்றி மன்றாட்டு

அப்பாவின் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஹய்யாவையில் எங்களோடுதான் இருந்தார். வெளியில் வங்கி உத்தியோகத்தர், வீட்டில் நீதிபதி. தெருவில் விற்கும் எதையும் நான் வாயில் வைக்க விடமாட்டார்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கையில் அத்தைக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. பல மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தபின், இனி வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பினால் சுகமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியிருந்தும் அத்தை ஏன் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் வீட்டுக்கே வந்து பார்க்கத் தொடங்கினார். வலிக்கு மோர்ஃபின் என்றதும் அம்மா பயந்துபோனார்.

"பழகிப் போயிடாதா மிஸ்ஸி? சீக்கிரமா கொண்டுபோயிடும்னு சொல்றாங்களே?"

"டொக்டர் சொன்ன அளவுல குடுத்தா அப்படி ஒன்னும் ஆகாது. வலியத் தாங்கிக்கிட்டேதான் கெடக்கணுமா?"

"சாப்பாடு?"

"கேக்குறதக் குடுங்க. வேணாம்னா வற்புறுத்தாதீங்க."

சில நாட்களில் அத்தை கதிரையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டார். என் கையெழுத்தைப் பார்த்து ஏசினார். ஒரு பின்னேரம் திடீரென்று, தெருவில் விற்கும் வெரளிக்காய் அச்சாறு வேண்டும் என்றார். நான் வாயைப் பிளந்தேன். அப்பா எங்களைத் திரீவீலரில் ஏற்றிக் குளக்கரைக்குக் கூட்டிப்போனார். அத்தை இரண்டே காயைச் சப்பினார். உறைப்பில் கண்ணில் நீர் முட்டியது.

"இவ்வளவு ருசியானதயா இத்தன வருசம் ஒன்ன திங்க விடாம வச்சிருந்தேன்!" என்று சிரித்துக்கொண்டு மிச்சத்தை என் கையில் கொடுத்தார்.

அந்த ஞாயிறு, அத்தையின் சுகத்துக்காகச் செபமாலை சொல்ல அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சுகமானவருக்கு எதற்கு இன்னும் மன்றாட்டு? நான் எழுந்து நின்று, அத்தையைச் சுகமாக்கிய ஆண்டவருக்கு நன்றி என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

"இல்ல மகள்..." என்று தொடங்கினார் பக்கத்துவீட்டு மாமி.

"விடுங்க" என்றார் அத்தை. "புள்ள சரியாத்தான் சொல்லுது. எனக்கு இப்ப வலி இல்ல, நல்லாத் தூங்குறேன். நன்றி மன்றாட்டே சொல்லுவோம்."

அதன்பின் அத்தை டிசம்பரில் நத்தார் வரை இருந்தார். வலியில் முனகி நான் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு எல்லோரும் நன்றி சொல்லி முடித்தபோது, ஆமென் சொல்லும் இடத்தில் அப்பாவின் குரல் மட்டும் வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து நானே இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.