நேர்த்தி செய்த விதை

தொண்ணூறுகளில் உடுமலைப்பேட்டைப் பக்கம் நான் ஒரு மஞ்சி மில் வைத்திருந்தேன். தேங்காய் மட்டையை அடித்து மஞ்சி என்கிற நாரை எடுத்தால் மிஞ்சுவது தூள். மாடு தின்னாது, அடுப்பில் ஒழுங்காக எரியாது, வருஷக்கணக்கில் கிடந்தாலும் மக்காது. மில்லுக்குப் பின்னால் அது குன்றாக வளர்ந்துவிட்டது. உச்சியில் முருகன் கோயில் கட்டாததுதான் பாக்கி.

ஒரு கோடை மழையில் குன்றின் சாறு இறங்கி மச்சானின் கிணறு டீத்தண்ணி நிறமாகிவிட்டது. என் மனைவியின் அண்ணன், பக்கத்துத் தோட்டக்காரர். கோபம் வந்தால் எங்கள் ஊரில் மரியாதை இன்னும் கூடும்.

"ஏனுங்க மாப்ள, ஐப்பசி மழைக்குள்ள இது போயாகோணுமுங்க. இல்லீன்னா தடத்துல முள்ளை வெட்டிப் போட்டுருவேனுங்க."

மில்லுக்கு லாரி வந்துபோக இருந்த ஒரே தடம் அவர் நிலத்தில் இருந்தது.

கோயமுத்தூரில் வேளாண்மை படித்த ஒருவர் வழி சொன்னார். தூளைப் பரப்பி, காளான் விதை தூவி, மேலே தூள், அதன்மேல் யூரியா, மறுபடியும் தூள் என்று அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் காளான் அதைத் தின்று எருவாக்கிவிடுமாம். ஒரு பெட்டி நிறைய விதை பாட்டில் கொடுத்தார். உக்கடத்தில் பஸ் ஏறி, மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

திறந்தால் உள்ளே சோளம். சோளம் முழுக்க வெள்ளைப் பூசணம். கெட்டுப்போன விதையைத் தலையில் கட்டிவிட்டானே என்று சுர்ரென்று ஏறியது. ஆனால் நான் யார்? மருந்து கலந்து விதை நேர்த்தி செய்யாமல் எதையும் மண்ணில் போடாதவன், அதைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவன். நிலக்கடலைக்கு வாங்கி வைத்திருந்த பூசணக்கொல்லிப் பொடியைப் போட்டுக் குலுக்கி, நிழலில் உலர்த்தி, நல்ல நேரம் பார்த்துத் தூவினேன்.

நாற்பது நாள் தண்ணீர் தெளித்தேன். தூள் போட்டது போட்டபடி கிடந்தது. நேராகக் கோயமுத்தூர் போய், பூசணம் பிடித்த விதைக்கு மருந்து போட்டும் பலனில்லை என்று கத்தினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பூசணந்தானுங்க காளானே. சோளம் அதுக்குச் சோறுங்க."

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் புது பாட்டில்களை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஐப்பசிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பயந்துதான் போனேன். மில் போனால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மச்சானிடம் நடந்ததைச் சொல்லி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்து விதை தூவினார். என்னை யூரியா மூட்டையை மட்டும் தூக்கவிட்டார்.

ஐப்பசி மழை வந்தபோது குன்று பாதியாக அமுங்கி, எருவாகிக் கறுத்துக் கிடந்தது. தடத்தில் முள் விழவில்லை. அடுத்த முறை நான் பாட்டில் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், மச்சான் எனக்காகக் காத்திருந்தார். பெட்டியைக் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வெதை எங்கூட்டுலயே இருக்கட்டுங்க மாப்ள. உங்ககிட்டக் குடுத்தா மறுக்காவும் வைத்தியம் பாத்துக் கொன்னுபோடுவீங்க."