டோர்ட்ஜி மொட்டையடித்த ஓடை

கேப் மலைகளுக்கு நடுவே லாங்க்ளூஃப் பள்ளத்தாக்கில் டோர்ட்ஜி யாஃப்தா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மொட்டை டோர்ட்ஜி என்றால் நாய்கூட வழிகாட்டும். அவள் தலைமுடி இந்த வயதிலும் அடர்த்தியாகத்தான் இருக்கிறது. மொட்டையானது ஓர் ஓடைக்கரை.

எழுபத்து நான்காம் ஆண்டு, அவளுக்குப் பத்தொன்பது வயது. செப்டம்பரில், தேநீருக்காக அறுக்கும் தேன்செடி பூத்து மலையே மஞ்சளாகிவிடும். பூத்த கிளைகளை அறுத்துக் கழுதைமேல் ஏற்றிவந்து, நறுக்கிக் குவித்து, சாக்குப் போட்டு மூடுவார்கள். குவியல் வேர்த்துச் சூடேறும்போது எழும் மணத்தில் ஊரே பசியாறும். இப்போது தோட்டமும் ஆலையும் வந்துவிட்டன. தேநீரில் குறையில்லை, மணம்தான் ஆலைச்சுவரைத் தாண்டுவதில்லை என்பாள் டோர்ட்ஜி.

தேன்செடியில் இரண்டு வகை. மலைச்செடியைத் தரையோடு வெட்டலாம். நிழலில் நிற்கும் ஓடைச்செடியை முழங்காலுக்கு மேல்தான் தொடவேண்டும். அப்படித்தான் வழக்கம். காரணத்தை யாரும் கேட்டதில்லை. அறுப்புக்குழுவின் தலைவர் ஃபிளிப் ஸ்டூர்மான் குள்ளமான மனிதர்.

"ஏ டோர்ட்ஜி, முழங்காலுக்குக் கீழ அருவா போகக்கூடாது."

"யாரு முழங்கால் மாமா? உங்களோடது தரையிலதான இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கட்டு யாருடையது என்று தோழிகளோடு பந்தயம் கட்டியிருந்தாள். மதியத்துக்குள் ஓடைக்கரை முழுவதையும் தரையோடு சிரைத்துவிட்டாள்.

ஃபிளிப் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அதே பூ, அதே காய். ரெண்டும் ஒரே குடும்பம்தான மாமா? முளைச்சிரும்."

"ஒரே குடும்பம்தான். எனக்கும் என் தம்பிக்கும் ஒரே குணமா இருக்கு?"

அடுத்த வசந்தத்தில் மலைச்செடி கொத்துக்கொத்தாகத் துளிர்த்தது. ஓடையில் சாம்பல்நிறக் கட்டைகள் மட்டும். "இது பச்சையாகுற அன்னைக்கு அருவாளோட வா" என்று ஃபிளிப் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். ஆப்பிள் கொட்டகையில் பெட்டி அடுக்கப் போனாள். ஊரில் குவியல் வேர்க்கும் நாட்களில் மூக்கில் துணி கட்டிக்கொள்வாள்.

சில வருடம் கழித்து, செடிகளை வகைபிரிக்கும் எல்ஸபே என்ற ஆராய்ச்சிக்காரி வந்தாள். டோர்ட்ஜிதான் ஓடைக்குக் கூட்டிப்போனாள்.

"பட்டாணி, அவரைக்குச் சொந்தம் இது. இந்தப் பேரினத்துல இருபதுக்கு மேல வகை இருக்கு. எல்லாமே நம்ம கேப் மலைகள்லதான். உலகத்துல வேற எங்கயும் தானா வளராது."

"அது கிடக்கட்டும்மா. இது வருமா?"

"மலைச்செடி வேர்லருந்து வரும். இது விதையிலருந்து மட்டும்தான். பழைய விதை மண்ணுக்குள்ள தூங்கும். தீ பட்டாத்தான் முழிக்கும்."

அன்றிலிருந்து டோர்ட்ஜியின் மேலங்கிப் பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஓடைக்குப் போவாள், உட்காருவாள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே யாருடைய வீடாவது, தோப்பாவது இருக்கும். எழுந்து வந்துவிடுவாள்.

எண்பத்தைந்து பிப்ரவரியில் மலை பற்றியது. ஈரச்சாக்கால் மூன்று நாள் அடித்து அணைத்த ஃபிளிப், கரிபூசிய முகத்தோடு அவள் கதவைத் தட்டினார்.

"நீயா வச்ச?"

அவள் தீப்பெட்டியை நீட்டினாள். திறந்து ஒரு குச்சியை உரசினார். மருந்து பொடிந்து உதிர்ந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. பல வருட வியர்வையில் எல்லாமே ஊறிப்போயிருந்தன. மின்னல் விழுந்து மலை பற்றியதை நேரில் கண்ட மேய்ப்பன் மறுநாள்தான் ஊருக்குள் வந்தான்.

குளிர்கால மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் கரிக்கு நடுவே மும்மூன்று இலைகளாகத் தலைநீட்டியிருந்தன கன்றுகள். எண்ணத் தொடங்கி நானூறில் விட்டுவிட்டாள்.

அறுக்கும் பருவம் வர நான்கு வருடம் ஆனது. ஃபிளிப்பே வீட்டுக்கு வந்தார். "அருவாள எடு, மொட்டை."

ஓடைக்கரையில் பூ மண்டிக் கிடந்தது. முதல் கிளையை வளைத்துப் பிடித்தவள் நின்றாள்.

"முழங்காலுக்கு மேலதான" என்றார் ஃபிளிப்.

"ஆமா. ஆனா என் முழங்கால். உங்களோடத நம்பினா மறுபடியும் மொட்டைதான் மாமா."