புகைப்புரைப் பக்கத்து டாக்டர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊரான் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டத் தொடங்கி, இன்று திற்பரப்பு போகிற ரோட்டில் சொந்தத் தோட்டம், ஷீட் கடை, முக்கில் மாடிக் கட்டிடம் எல்லாம் வைத்திருக்கிறேன். எவன் தயவிலும் இல்லை. அந்தக் கட்டிடத்தின் கீழ் அறையில் ஒரு டாக்டரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததும் நான்தான். அதுவரை எங்கள் ஆட்கள் ஒரு காய்ச்சலுக்குக்கூட பஸ் ஏற வேண்டும்.

படிப்பு முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். வயதுக்கு அவன் என்று சொல்லலாம். ஆனால் டாக்டர் ஆயிற்றே, அவர் என்றே எழுதுகிறேன்.

கடைக்குப் பின்னால் என் புகைப்புரை. ரப்பர் ஷீட்டைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகையவிட்டு உலர்த்துகிற அறை. மழைக்காலத்தில் அந்தப் புகை மேலே ஏறாது; முக்கு முழுக்கத் தவழும். சாயாக் கடை, டாக்டர் அறை, எல்லாவற்றிலும் புகுந்துவிடும். வெளியூர்க்காரன் வந்தால், "என்ன, எல்லாரும் காலையிலேயே குடிச்சாச்சா?" என்று கேட்பான். சிவந்த கண்ணைப் பற்றி நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை.

அந்த வருஷத்து மழை லட்சணமாக இல்லை. டாக்டருடைய உயிரைக் கேட்டு வந்த மழை அது என்று இப்போது சொல்லலாம். அன்று எவனுக்கும் தோன்றவில்லை. கோதையாறு கலங்கிப் பெருகியது. ஓடைகள் எதிர்த்து ஏறி, தோட்டத் தொழிலாளர் வீடுகள் முட்டளவு தண்ணீரில் நின்றன. குடோனில் எலிகள் பட்டப்பகலில் ஓடின. பிறகு ஓட்டம் நின்றது. தண்ணீரில் வயிறு வீங்கி மிதந்தன.

அந்த வீடுகளில் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று ஆள் ஓடிவந்தது. என் ஜீப்பே போகாத வழி. டாக்டர் பேன்ட்டைச் சுருட்டினார்.

"போவாண்டாம் டாக்டரே. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வருவானுவ."

"அதுக்குள்ள பிள்ளை பிறந்திரும் மொதலாளி."

போனார். பிள்ளை நல்லபடி பிறந்தது. திரும்பி வந்து குழாயில் கால் கழுவியபோது பார்த்தேன். நனைந்த செருப்பு உரசிக் குதிகாலில் தோல் வழன்றிருந்தது. அந்தக் காலோடுதான் அவ்வளவு தண்ணீரிலும் நடந்திருக்கிறார்.

ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். சாயாக் கடையில் அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் ரத்தம்போல இருந்தன.

"டாக்டருக்கே காய்ச்சலா? பின்ன நாங்க எங்க போவோம்?" என்றார் சாயாக் கடைக்காரர்.

"சாதா காய்ச்சல்தான். கண்ணு மொதலாளிக்க புகையில போச்சு."

"எனக்க புகை பட்டா கிருமி செத்துப் போவும் டாக்டரே," என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மாத்திரை விழுங்கிவிட்டு உட்காருவார். ஊரே காய்ச்சலில் கிடந்ததால் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். ஒரு காலையில் என் பால்வெட்டுக்காரன் ஒருவனை நானே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவன் இமையை விரித்தார். செக்கச்செவேல் என்று இருந்தது.

"இவனும் உங்க புகைப்புரையிலதானா?"

"இல்ல. இவன் மேட்டுத் தோட்டத்துல பால் வெட்டுகவன். புகைப்புரைக்க வாசலுக்கே வரமாட்டான். எனக்க ஆளுகள எனக்குத் தெரியாதா?"

டாக்டருடைய கை அப்படியே நின்றது. பிறகு குனிந்து அவன் கெண்டைக்காலை அமுக்கினார்.

"இங்க வேதனை உண்டா?"

"அம்மோ!" என்று அலறினான்.

டாக்டர் நிமிரவில்லை. அதே கையால் தன்னுடைய கெண்டைக்காலையும் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். அந்த முகத்தை நான் கண்டேன்.

"எலிக்காய்ச்சல். எலி கெடுத்த தண்ணி கால் புண்ணு வழியா ஏறி வாறது. இவனை உடனே நாகர்கோவிலுக்குக் கொண்டு போணும். வண்டிய எடுங்க. நானும் வாறேன்."

"எனக்கு வழி தெரியாதா? நீங்க எதுக்கு?"

அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார்.

அந்த ரோட்டில் என்னைப்போல வண்டி விடுகிறவன் கிடையாது. வெட்டுக்காரன் பின்னால் சுருண்டு கிடந்தான். தக்கலை நெருங்கும்போது டாக்டர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "மொதலாளி, நேத்து உச்சை நேரத்துக்குப் பிறகு நான் மூத்திரம் போவல்ல."

"அதுக்கென்ன, ஓரமா நிறுத்துகேன்."

"நிறுத்தாண்டாம். வேகமா விடுங்க."

ஆஸ்பத்திரியில் அவரோடு படித்த பெண் ஒருத்தி டாக்டராக இருந்தாள். அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளை வாசித்தாள். இவர் கை நீட்டினார். அவள் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"நீ இப்ப டாக்டர் இல்ல. பேசாம படு."

"சரி, காட்டாண்டாம்," என்றார். "ஒனக்க மூஞ்சியிலயே இருக்கு."

வெட்டுக்காரன் பிழைத்து வேலைக்கு வந்துவிட்டான். டாக்டருக்கு நின்றுபோன சிறுநீரகம் திரும்ப வேலை செய்யவே இல்லை. அவருடைய ஊர்ச் சபையின் கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது, ஏற்றம். பெட்டியின் தலைமாட்டில் நான் தோள் கொடுத்தேன். வழியெல்லாம் இளவட்டங்கள், "மாத்துங்க பெரியவரே, மாத்துங்க" என்று கூடவே வந்தார்கள். நான் மாற்றவில்லை.