கையால் பிசைந்த தயிர்சாதம்

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டில் தனியாக இருந்தேன். அந்த வருஷத்து டைரி இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு வியாழன் காலை பத்தேகால், ஆபீஸில் முதல் வாந்தி. மாலைக்குள் ஆறு. பேதி எட்டு முறை, வெறும் தண்ணீர், ரத்தம் இல்லை. காய்ச்சல் நூறு. வெள்ளி மாலையோடு நின்றது. சனிக்கிழமைப் பக்கத்தில் ‘குணம்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

ஞாயிறு மதியம் நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிக்கு மார்பில் புற்றுநோய், கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. அவருக்குத் தொண்டையில் இறங்கியது என் தயிர்சாதம் ஒன்றுதான். சோற்றைக் குழைய வேகவைத்து, ஆறியதும் பாலும் தயிரும் விட்டுக் கட்டியில்லாமல் கையாலேயே பிசைந்தேன். அதற்குமுன் கை கழுவியது டைரியில் இருக்கிறது. சோப்புப் போட்டேனா என்பது இல்லை.

“கரண்டியால கலந்தா இந்த டேஸ்ட் வராதுண்ணா. இவருக்கும் டிரெயினிங் குடுங்க,” என்றார் நண்பரின் மனைவி.

“நான் பிசைஞ்சா போஸ்டர்தான் ஒட்டலாம்,” என்றார் நண்பர்.

நண்பரும் சாப்பிட்டார். மனைவி இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கள் மாலை இருவருக்கும் வாந்தி. நண்பர் புதன்கிழமை எழுந்துவிட்டார். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது நாக்கு வறண்டிருந்தது, சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது, உப்பும் நீரும் ஏற்றலாம், வெள்ளணுக்கள் இவ்வளவு குறைந்த உடம்பு தாங்குவது கடினம் என்றார் டாக்டர். வாந்தி பேதி நின்ற பிறகும் சில நாள் மலத்தில் கிருமி வரும், சரியாகக் கழுவாத கை போதும் என்றார். வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

“எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு இருந்துது. நான்தான் கொண்டு வந்துட்டேன் போலருக்கு சார்,” என்று என் பக்கம் திரும்பினார் நண்பர்.

நான் சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாந்தி தொடங்கிய பதினோராம் நாள் சிறுநீரகம் நின்று நண்பரின் மனைவி இறந்தார்.

“என்னாலதான் சார் போனா,” என்றார் நண்பர். “கடைசியா ஆசையா சாப்பிட்டது உங்க தயிர்சாதம். பதிமூணாம் நாள் காரியத்துக்கு நீங்களே பண்ணிக் கொண்டு வாங்க.”

சரி என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

பதிமூன்றாம் நாள் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கரண்டியால் கலந்தேன். கட்டி கட்டியாக இருந்தது. நண்பர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

“கையால பிசையலையா சார்?”

விரலில் வெட்டுக்காயம் என்றேன். அந்தப் பொய்யும் டைரியில் இருக்கிறது.