அக்கா மண்சோறு சாப்பிடவில்லை

எங்கள் அக்கா மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. அக்காவைப் பற்றி நீயே எழுது என்று என் பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீழ் கோத்தகிரியில், எஸ்டேட் லைன் வீட்டில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அக்காதான். அதே எஸ்டேட்டில் கல்யாணமாகி, கொழுந்து பறித்து, மல்லிகாவைப் பெற்றார். மல்லிகாவுக்குக் கால் ஊன்ற வரவில்லை, பேச்சும் தெளியவில்லை. கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையோடு வேலைக்குப் போனதால்தான் இப்படி என்று எல்லோரும் அக்காவையே சொன்னார்கள்.

மாரியம்மன் திருவிழாவில் அக்காவின் மாமியார், “செஞ்ச தப்புக்கு மண்சோறு தின்னு, ஆத்தா மன்னிப்பா” என்றார். கோயில் தரையில் இலை இல்லாமல் சோறு போட்டு உண்கிற வேண்டுதல் அது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. “ஏனுங்கத்தை, அன்னிக்கு எஸ்டேட்டே கொழுந்து பறிச்சுது. நான் என்ன தப்புப் பண்ணீட்டேன்? ஆத்தாளுக்கு எம்மேல கோவமில்லீங்க. எனக்கொரு இலை, எம்புள்ளைக்கொரு இலை போடச் சொல்லுங்க” என்றார். பந்தியின் நடுவில் உட்கார்ந்து, மல்லிகாவை மடியில் சாய்த்து ஊட்டினார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயசம் வந்ததும் மல்லிகா கைதட்டிச் சிரித்தாள். “அவளுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கப்பா” என்று பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னதும் அந்த மாமியார்தான்.

அதன் பிறகு அக்கா போன கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மல்லிகாவும் போனாள். யாராவது பாவம் என்று உச்சுக்கொட்டினால், “பேரு மல்லிகாங்க, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்பார்.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, முன்பே காலமாகிவிட்டார். நெஞ்சு நோயில் அக்கா படுத்தபோது, மல்லிகா இனி யாரோடு என்பது ஒன்றுதான் கவலை.

“எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் அக்கா” என்றேன்.

“புண்ணியம் வரும்னு கூட்டிட்டுப் போவாத அம்மிணி. உனக்குப் புடிச்சிருந்தாக் கூட்டிட்டுப் போ.”

“புடிக்காமயா? உன்னைவிட எங்கிட்டத்தான அவ சிரிக்கறா.”

“சிரிப்பா. நீதான் கேக்கறப்பெல்லாம் முட்டாய் குடுத்துக் கெடுக்கறயே” என்று அக்காவும் சிரித்தார். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய லைன்காரர்களுக்கும், மழையில் ஜீப் எடுத்து வந்தவருக்கும், காரியத்துக்கு வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் கும்பிடு. மல்லிகா இப்போது என்னோடு நன்றாக இருக்கிறாள். நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவளிடமும் போய் வருகிறேன் என்று சொல்லுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.