மாமா சுற்றிக் காட்டிய பாண்டிச்சேரி

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று பாண்டிச்சேரி கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷன் அன்று காலை, வராந்தாவில் அழுது அடம்பிடித்த என்னை அப்பா மாமாவிடம் ஒப்படைத்தார். "இவள டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டு. முடிஞ்சதும் போன் பண்றேன்."

எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு ஒரு ஊசி போடப்போகிறார்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கமர்கட் கேட்டால்கூடப் பல் சொத்தையாகும் என்று உபதேசம் செய்கிறவர், அன்று கடற்கரையில் நான் கேட்காமலேயே பஞ்சு மிட்டாய் வாங்கித் தந்தார். அதில் பாதி தீருமுன், "வா, வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். காந்தி சிலையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியிருந்தோம்.

மஞ்சள் சுவர் வீதிகளில் ஏறக்குறைய ஓடினோம். ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, "ரூன்னு போட்டிருக்கு பாரு. ரூபா! வெள்ளைக்காரன் தெருவையே வெல பேசியிருக்கான்" என்றார். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் நின்று, "பிரெஞ்சுல ரூன்னா வீதி, முசியே" என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஹோட்டலில் மெல்லிய தோசைக்குள் சாக்லேட் வைத்து மடித்துத் தந்தார்கள். தோசையில் இனிப்பா என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா தனக்கு ஒன்றும் வாங்காமல், வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

"அப்பா போன் பண்ணாரா மாமா?"

"இல்ல. நீ சாப்புடு."

பிறகு ஒரு பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் போட்டார். அடுத்த தெருவில் சர்ச்சுக்குள் நுழைந்து மெழுகுவத்தி ஏற்றினார். சாமியே கிடையாது என்று ஊரில் எல்லோரிடமும் வாதாடுகிறவர். வெளியூர் பார்க்க வந்தால் இதையெல்லாம் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறியபோது ஒரு பேக்கரியில் கம்பு நீளத்துக்கு ரொட்டி சுடச்சுட வந்திறங்கியது. அடம்பிடித்து வாங்கினேன். "இது அம்மாவுக்கு. நீங்க தொடக்கூடாது."

அப்போதுதான் போன் அடித்தது. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ம்... ம்... சாதாரணக் கட்டிதானா? நல்லாக் கேட்டீங்களா? அக்கா கண்ணு முழிச்சிடுச்சா?"

போனை வைத்ததும் பேக்கரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தை மூடியிருந்தார். பின் என் கையிலிருந்த ரொட்டியை வாங்கி, பிய்த்துப் பிய்த்து வாயில் திணித்தார். நான் இழுத்தேன், கத்தினேன். கடைசியில் கையில் தாள்தான் மிஞ்சியது.

மறுநாள் அம்மாவைப் பார்க்க விட்டார்கள். கட்டிலருகே போனதும் முதல் வேலையாகப் புகார் சொன்னேன். "உனக்கு வாங்கின ரொட்டிய மாமாவே தின்னுட்டாரும்மா!"

அம்மா அவரைப் பார்த்தாள். "நேத்தெல்லாம் ஒண்ணுமே சாப்புடலியாடா?"

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

ஒரு ரொட்டி போனதற்கு அம்மா இவ்வளவு அழுகிறாளே என்று மாமாமேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.